குதிகாலில் கிளட்ச், கையில் கியர்

என் ஷெட்டில் நிற்கும் பழைய ஹார்லி டேவிட்சன் பைக்கின், டபிள்யூஎல்ஏ மாடலின், படத்தைப் போட்ட நாளிலிருந்து கோயம்புத்தூர்ப் பையன்கள் கேட்பது ஒரே கேள்விதான். "ஏனுங்ண்ணா, அது சூசைட் கிளட்ச்சுங்களா?"

இல்லை தம்பிகளா. காலில் கிளட்ச், கையில் கியர் என்று கண்டாலே எல்லா வண்டிக்கும் அந்தப் பெயரை ஒட்டிவிடுகிறார்கள். கம்பெனி செய்து கொடுத்த ஃபுட் கிளட்ச் வேறு, காலை எடுத்ததும் வண்டி பாய்ந்துவிடும்படி பின்னால் ஆட்கள் வெட்டி ஒட்டிச் செய்துகொண்ட சூசைட் கிளட்ச் வேறு. இரண்டையும் பிரிப்பது ஒரு நட்டும் சில வாஷர்களும்தான். ஆனால் விஷயமே அந்த நட்டு வாஷரில்தான் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொல்லி மாளவில்லை, அதனால் இங்கே நிதானமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் வண்டி. 45 கன அங்குலம், அதாவது 740 சிசி, வி-ட்வின் ஃபிளாட்ஹெட் இஞ்சின், அதாவது V வடிவில் இரண்டு சிலிண்டர், வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில். மூன்று கியர். எடை சுமார் 245 கிலோ. இரண்டாம் உலகப் போருக்காக ஹார்லியின் சொந்த ஊரான மில்வாக்கியில் செய்த ராணுவ வண்டி இது. மொத்தம் சுமார் 90,000 செய்தார்கள். அதில் 30,000-க்கு மேல் சோவியத் யூனியனுக்கே போயின. என் வண்டியின் இஞ்சினில் 42 என்று குத்தியிருக்கிறது. அதை வைத்து 1942-ல் செய்தது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. அமெரிக்கா போரில் இறங்கிய பிறகு செய்த டபிள்யூஎல்ஏ எல்லாவற்றுக்கும், 1945-ல் வெளிவந்ததற்கும்கூட, அதே 42-தான்.

நான் இருப்பது அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில். டிராக்டர் செய்யும் கம்பெனி ஒன்றில் ஹைட்ராலிக்ஸ் பக்கம் வேலை. எனக்கு இந்த வண்டியை விற்றவர் பக்கத்துக் கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) விவசாயி, எண்பதைத் தாண்டியவர். முழங்கால் கிக்கர் அடிக்க விடவில்லை என்பதால்தான் விற்றார். இல்லாவிட்டால் கொடுத்திருக்கவே மாட்டார்.

ஏறி உட்கார்ந்தால் எது எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். வலது கையில் ஆக்சிலேட்டர். அதற்குத் திரும்பும் ஸ்பிரிங் கிடையாது. எவ்வளவு திருப்பினீர்களோ அங்கேயே நிற்கும், கையை எடுத்தாலும் வண்டி போய்க்கொண்டே இருக்கும். குறைக்க வேண்டுமென்றால் நீங்களேதான் மூட வேண்டும். இடது கைப்பிடியும் திரும்பும், ஆனால் அது இக்னிஷன் டைமிங்குக்கு, அதாவது பிளக்கில் தீப்பொறி விழும் நேரத்தை முன்னே பின்னே மாற்ற. முன் பிரேக் லீவரும் இடது கையில்தான். கியர் ராடு டேங்கின் இடப்பக்கம் உருண்டைக் குமிழோடு நிற்கிறது. பக்கத்திலேயே தகட்டில் கியருக்கொரு வெட்டு. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் நியூட்ரல். வலது காலில் பின் பிரேக், இடது காலில் கிளட்ச். ஆக இடது கைக்குத்தான் வேலை அதிகம். கியர், முன் பிரேக், டைமிங், போதாததற்குத் திரும்பும்போது சிக்னல் காட்டுவதும் அந்தக் கைதான்.

கிளட்ச் என்றதும் கார் பெடலை நினைத்துக்கொள்ளக் கூடாது. இது முழுப் பாதமும் உட்காரும் நீளத் தகடு, நடுவில் அச்சு. காலால் மிதிக்கும் தையல் மெஷினின் மிதிப்பலகை முன்னும் பின்னும் சாய்கிறதே, அப்படிச் சாயும். ஹார்லியில் குதிகாலை அழுத்தினால் இஞ்சினும் கியர்பாக்ஸும் பிரியும். விரல் பக்கம் அழுத்தினால் சேரும். அச்சில் உராய்வு வாஷர்கள், அவற்றை நெருக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங், மேலே ஒரு நட்டு. இந்த உராய்வு இருப்பதால் பெடலை எந்த இடத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும்.

இதை ஒரு முறைக்கு இரண்டு முறை படியுங்கள், ஏனென்றால் நம் கை பழகிய பைக்குகளுக்கு இது நேர் எதிர். நம் கிளட்ச் லீவரை விட்ட நொடியில் அது திரும்பிப் போய்விடும். அதனால்தான் சிக்னலில் முதல் கியரில் நிற்கும்போது நான்கு விரலும் வலிக்க வலிக்க இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். டபிள்யூஎல்ஏவில் குதிகாலை அழுத்திவிட்டுக் காலை எடுத்து ரோட்டில் ஊன்றிக்கொள்ளலாம். வண்டி கியரில் இருக்கும், இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், வண்டி மட்டும் நகராது. பாதியில் விட்டால் பாதியிலேயே நிற்கும்.

கிளம்புவது இப்படி. குதிகாலை அழுத்துங்கள். இடது கையால் ராடை முதல் கியருக்குத் தள்ளுங்கள்; கடக்கென்று ஒரு சத்தம் வரும், அது சரியான சத்தம்தான். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, பாதத்தை விரல் பக்கமாக மெல்லச் சாய்த்துக்கொண்டே வாருங்கள். கணுக்கால்தான் வேலை செய்ய வேண்டும், தொடை அல்ல. வண்டி நகர ஆரம்பிக்கும் இடம் பாதத்துக்கு அடியில் துல்லியமாகத் தெரியும். விரலால் லீவரை விடும்போது எனக்கு இவ்வளவு தெளிவாக அது தெரிந்ததே இல்லை. இரண்டாவதுக்குப் போக, ஆக்சிலேட்டரை மூடி, குதிகால், ராடை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து ஒரு கணம் நிறுத்தி, அப்புறம் இரண்டாவது. அந்த ஒரு கணத்தைக் கொடுக்காமல் அவசரப்பட்டால் கியர்பாக்ஸ் உறுமும். பற்களின் வேகத்தைத் தானாக ஒத்துப்போக வைக்கும் சின்க்ரோ எதுவும் இதில் கிடையாது. பற்களின் வேகம் ஒத்துப்போக அந்த நேரம் வேண்டும்.

மேட்டில் நின்று கிளம்புவதுதான் எல்லோரையும் பயமுறுத்துவது. இடது கால் கிளட்ச்சில், வலது கால் பின் பிரேக்கில், அப்படியென்றால் தரையில் யார்? இதற்குத்தான் முன் பிரேக்கை இடது கையில் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். நிற்கும்போதே முதல் கியருக்கு வந்துவிட வேண்டும். அப்போது ராடில் வேலை இல்லாததால் இடது கை பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். வலது கால் தரையில் ஊன்றியிருக்கும். வலது கை ஆக்சிலேட்டரைக் கொடுக்க, இடது பாதம் மெல்லச் சாய, வண்டி இழுக்க ஆரம்பித்ததும் பிரேக்கை விட்டுவிட வேண்டியதுதான். பெரிய சிரமம் இல்லை. மேட்டின் நடுவில் கியரைத் தேடினால்தான் சிரமம்.

நான் பைக் பழகியது அப்பாவின் ரைட் கியர் புல்லட்டில். வலது காலில் கியர், ஒன்று மேலே, மூன்று கீழே, இடது காலில் பிரேக். அதற்குப் பிறகு இந்தக் காலத்து வண்டிக்கு மாறும்போதே கால்கள் ஒரு முறை இடம் மாறிப் பழகிவிட்டன. கையில் கியர் என்பதும் நமக்குப் புதிதில்லை. பஜாஜ் சேட்டக் ஓட்டிய யாருக்கும் இடது கைப்பிடியைத் திருப்பிக் கியர் போட்டது மறக்காது. ஆனால் சேட்டக்கில் கிளட்ச்சும் கியரும் ஒரே கை. இங்கே கிளட்ச் ஒரு உறுப்பு, கியர் இன்னொரு உறுப்பு, நடுவில் ஆக்சிலேட்டர் மூன்றாவது. அதனால் பழைய பழக்கம் எதுவும் குறுக்கே வராமல், புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வது போலவே இருந்தது.

வண்டியை விற்ற பெரியவர் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது பைக்கில் இல்லை, டிராக்டரில். அவருடைய கொட்டகையில் பழைய ஜான் டீர் மாடல் பி ஒன்று இருக்கிறது, இரண்டு சிலிண்டர் வண்டி. அந்தக் காலத்து ஜான் டீரில் கிளட்ச் கையில். நீளமான லீவர், முன்னால் தள்ளினால் சேரும், பின்னால் இழுத்தால் பிரியும், விட்ட இடத்தில் நிற்கும். ஓட்டுகிறவர் காலை ஊன்றிக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. எழுந்து நின்று பின்னால் கட்டியிருக்கும் கலப்பையைத் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம். அவர் சின்ன வயதில் பகலெல்லாம் கையால் கிளட்ச் போட்டு உழுதுவிட்டு, சாயங்காலம் காலால் கிளட்ச் போட்டு இந்த பைக்கில் ஊருக்குள் போயிருக்கிறார். குழப்பமாக இல்லையா என்று கேட்டேன். "கையா காலா என்பது அப்புறம். விட்ட இடத்தில் நிற்கிறதா, அதைப் பார்" என்றார். நான் படித்த எந்த மேனுவலும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அன்றைய அமெரிக்காவைப் பார்த்தால் எல்லாம் பொருந்துகிறது. 1908-லிருந்து 1927 வரை ஒன்றரைக் கோடி விற்ற ஃபோர்டு மாடல் டியில் ஆக்சிலேட்டர் காலில் இல்லை. ஸ்டீயரிங்கின் அடியில் இரண்டு சின்ன லீவர்கள்: ஒன்று ஆக்சிலேட்டர், ஒன்று டைமிங். வைத்த இடத்தில் நிற்கும். கியரை மாற்றுவது கால் பெடல்கள். அப்படிப்பட்ட காரில் பழகிய ஆளுக்கு, ஸ்பிரிங் இல்லாத ஆக்சிலேட்டரும் டைமிங் கைப்பிடியும் காலில் கிளட்ச்சும் கொண்ட ஹார்லி விநோதமாகவே தெரிந்திருக்காது. அவருக்கு விநோதம் நம் வண்டிதான்.

போலீஸ்காரர்களுக்கு இது இன்னும் தோதாக இருந்தது. ஊர்வலத்தோடு நடை வேகத்தில் போக வேண்டும், நிற்க வேண்டும், மறுபடி நகர வேண்டும். பாதத்தைப் பாதிச் சாய்வில் வைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம், கை வலிக்காது. ஹார்லியின் மூன்று சக்கர சர்வி-கார், 1932-லிருந்து 1973 வரை வந்தது, பார்க்கிங் போலீஸ் வைத்திருந்த வண்டி, அதில் கடைசி வரை கைக் கியர்தான்.

ஹார்லிக்குப் போட்டியாக பைக் செய்த இண்டியன் கம்பெனி வேறு வழியில் போனது. மாசசூசெட்ஸில் ஸ்பிரிங்ஃபீல்டில் செய்த அந்த வண்டிகளில் வழக்கமாக ஆக்சிலேட்டர் இடது கையில், கியர் வலது கையில். ஹார்லிக்காரரை இண்டியனில் ஏற்றிவிட்டால் அவருடைய இரண்டு கையும் இடம் மாற வேண்டும். கேட்டு வாங்கினால் ஆக்சிலேட்டரை வலப்பக்கம் வைத்தும் கொடுத்தார்கள். என் ஓட்டு ஹார்லி அமைப்புக்குத்தான், பழக்கதோஷம் என்றாலும் சரி.

இங்கிலாந்தில் கதை வேறு. அங்கேயும் டேங்கின் பக்கத்தில் கைக் கியர் இருந்தது, ஆனால் கிளட்ச் கையில். ரேஸில் வளைவுக்கு முன்னால் கையை எடுத்துக் கியர் போடுவது தொந்தரவு. வெலோசெட் என்ற பைக் கம்பெனியில் இருந்த ஹரால்டு வில்லிஸ் ஒரு தட்டுக்கு ஒரே கியர் நகர்ந்து, லீவர் தானாகப் பழைய இடத்துக்கு வரும் கால் கியரைச் செய்தார். 1929-ல் கேடிடி மாடலோடு அது விற்பனைக்கே வந்துவிட்டது. இன்று உலகத்தில் எந்த பைக்கில் காலால் கியர் போட்டாலும் அந்த யோசனையைத்தான் மிதிக்கிறோம். ரேஸுக்கும் வளைந்து நெளியும் சின்ன ரோட்டுக்கும் அதுதான் சரி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வளைவின் நடுவில் ஒரு கையும் ஒரு காலும் கியருக்காகப் போய்விட்டால் வண்டியை யார் பிடிப்பது?

ஹார்லிக்கும் இது தெரியாமல் இல்லை. போரின்போது ராணுவம் கேட்டதற்காக பிஎம்டபிள்யூ ஆர்71-ஐப் பார்த்து எக்ஸ்ஏ என்று 1,000 வண்டிகள் செய்தார்கள். அதில் கையில் கிளட்ச், காலில் கியர். அதே ராணுவத்துக்காக இண்டியன் செய்த 841-லும் அப்படித்தான். ஆனால் சொந்தப் பெரிய வண்டிக்கு அதைக் கொண்டுவர ஹார்லி 1952 வரை காத்திருந்தது. அப்போதும் கைக் கியர் வேண்டும் என்றவர்களுக்குக் கைக் கியரே கொடுத்தார்கள். காலின் பலத்துக்குச் செய்த கிளட்ச்சைக் கையால் இழுக்க முடியவில்லை. அதனால் உதவிக்கு ஒரு பெரிய ஸ்பிரிங் அமைப்பை வைக்க வேண்டியிருந்தது. பார்க்க எலிப்பொறி மாதிரி இருக்கும், இன்றும் அதற்கு எலிப்பொறி என்றுதான் பெயர். ஒரு கிளட்ச்சை இழுக்க இவ்வளவு ஏற்பாடு! 1974 செப்டம்பரிலிருந்து அமெரிக்காவில் விற்கும் வண்டிகளில் இடது காலில் கியர், வலது காலில் பிரேக், இடது கையில் கிளட்ச் என்று சட்டமே வந்துவிட்டது. அதோடு கால் கிளட்ச், கைக் கியர் குடும்பத்தின் கதை அங்கே முடிந்தது.

நம் நாட்டில் அதற்குப் பிறகும் ஓடியது என்பது தனிக்கதை. போர் முடிந்து இங்கேயே விட்டுப்போன ஹார்லிகளின் பின்பக்கத்தை வெட்டி, மூன்று சக்கர வண்டியாக்கி, டெல்லியில் ஆள் ஏற்றி ஓட்டினார்கள். பட்பட்டி என்று பெயர். 1990-களின் கடைசி வரை சாந்தினி சௌக் பக்கம் அவை ஓடின.

சரி, சூசைட் கிளட்ச்சுக்கு வருவோம். போர் முடிந்ததும் ராணுவ வண்டிகள் மலிவாகக் கிடைத்தன. வாங்கியவர்கள் எடையைக் குறைக்க மட்கார்டை வெட்டினார்கள், வேண்டாதது என்று பட்டதையெல்லாம் கழற்றினார்கள். போகப் போக டேங்கையும் மாற்றிச் சின்ன டேங்க் வைத்தார்கள். கியர் தகடும் ராடும் பழைய டேங்கோடு சேர்ந்தவை. சின்ன டேங்கில் அவற்றுக்கு இடமில்லை. அதனால் கியர்பாக்ஸின் தலையிலேயே நேராக ஒரு ராடை நட்டார்கள். அது ஓட்டுகிறவரின் இடது தொடைக்குப் பின்னால் வரும். இதைத்தான் ஜாக்கி ஷிஃப்ட் என்பது. கிளட்ச்சிலும் முன்னும் பின்னும் சாயும் தகட்டைக் கழற்றிவிட்டு ஒற்றைப் பெடல் போட்டார்கள். உராய்வு வாஷர் போயிற்று. காலை எடுத்தால் பெடல் உடனே திரும்பி, கியரில் இருக்கும் வண்டி பாய்ந்துவிடும். இப்போது சிக்னலில் நிற்பதை யோசித்துப் பாருங்கள். இடது கால் பெடலைவிட்டு நகரக் கூடாது. அப்படியென்றால் வலது காலை ஊன்ற வேண்டும், பின் பிரேக்கை விட வேண்டும். இப்படி வெட்டிக் குறைத்த வண்டிகளைச் சாப்பர் என்பார்கள்; பல சாப்பர்களில் முன் பிரேக்கையும் அழகுக்காகக் கழற்றியிருப்பார்கள். லேசான சரிவு போதும், எதிரே லாரி போகும் ரோட்டுக்குள் வண்டி உருண்டுவிடும். அந்தப் பெயர் அப்படி வந்ததுதான், அந்த வண்டிகளுக்கு அது பொருத்தமான பெயரும்கூட.

அதைச் செய்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை, அவர்கள் வண்டி, அவர்கள் உயிர். ஆனால் யோசித்து யோசித்துச் செய்த ஒரு அமைப்பில் முக்கியமான பாகத்தைக் கழற்றிவிட்டு, மிச்சத்துக்கு வைத்த பெயரை அசலுக்கும் சேர்த்துச் சொல்வது அநியாயம். அந்தப் பெயரைக் கேட்டே எத்தனையோ பேர் ஒரு நல்ல ஃபுட் கிளட்ச் வண்டியில் ஏறாமலே போகிறார்கள். சிலர் வாங்கிய கையோடு கை கிளட்ச்சுக்கு மாற்றியும்விடுகிறார்கள்.

ஓட்டுவது எப்படி இருக்கும் என்றால், எல்லாவற்றையும் கொஞ்சம் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியிருக்கும். வளைவு வருகிறதா, அதற்கு முன்னாலேயே கியர் முடிந்திருக்க வேண்டும். முன்னால் போகும் கார் பிரேக் போடுமா, இப்போதே குதிகால் தயாராக இருக்க வேண்டும். நான் மணிக்கு 70, 75 கிலோமீட்டரில்தான் போவேன்; அயோவாவின் சோள வயல்களுக்கு நடுவே நேராகப் போகும் கவுன்ட்டி ரோடுகளுக்கு அது போதும். மூன்றாவது கியரில் விழுந்துவிட்டால் அப்புறம் மணிக்கணக்கில் இடது காலுக்கும் கைக்கும் வேலையே இல்லை. டைமிங்கை முன்னே பின்னே திருப்பி இஞ்சினின் சத்தம் மாறுவதைக் கேட்டுக்கொண்டே போகலாம். இது எனக்கு மிகப் பிடித்த பகுதி. இன்றைய வண்டியில் கம்ப்யூட்டர் செய்யும் வேலை என் இடது உள்ளங்கையில் இருக்கிறது, ஏற்றத்தில் இஞ்சின் திணறும்போது கொஞ்சம் பின்னுக்குத் திருப்பினால் அது மூச்சு வாங்கிக்கொள்வது கைக்கே தெரிகிறது.

இந்த வண்டிகளை மொத்தமாகப் பார்க்க வேண்டுமென்றால் செப்டம்பர் முதல் திங்களன்று வரும் லேபர் டே விடுமுறையின் வார இறுதியில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் டேவன்போர்ட்டுக்கு வர வேண்டும். பழைய மோட்டார் சைக்கிள்காரர்கள் கூடும் சந்தை அது. புல்வெளி முழுக்க உதிரி பாகம் பரப்பியிருப்பார்கள், மண் டிராக்கில் பழைய வண்டிகளின் ரேஸும் நடக்கும். கிளட்ச் பெடலின் உராய்வு வாஷரை நான் இப்போதெல்லாம் அங்கேதான் கையில் எடுத்துப் பார்த்து வாங்குகிறேன். இதற்கு முன் ஆன்லைனில் ஒரு கடையில் வாங்கிய செட் கொஞ்சம் சூடேறியதும் வழுக்க ஆரம்பித்தது; குதிகாலில் விட்ட பெடல் மெல்ல மெல்லத் தானாக எழுந்தது. ஃபுட் கிளட்ச் வண்டியில் இதைவிட ஆபத்தான பழுது இல்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் அது நிஜமாகவே சூசைட் கிளட்ச் ஆகிவிடுகிறது.

அதனால் யாராவது இப்படி ஒரு வண்டியை ஓட்டிப் பார்க்கச் சொன்னால், கிக்கரைத் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். இஞ்சின் ஓடாத நிலையில், முதல் கியர் போட்டு, குதிகாலை முழுக்க அழுத்திவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். வண்டியை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். சக்கரம் தடையில்லாமல் உருள வேண்டும், பெடல் ஒரு நூல்கூட எழக் கூடாது. எழுந்தால் நட்டை இறுக்கச் சொல்லுங்கள். இறுக்கியும் எழுந்தால், வண்டிக்காரர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெடல் நின்றால், சமமான புல்தரையாகப் பார்த்து முதல் கியரில் மட்டும் கிளம்பி நிறுத்தி, கிளம்பி நிறுத்திப் பழகுங்கள். இரண்டாவது கியர் இன்னொரு நாளைக்கு.